இரவல் நூலும் சொந்த நெசவும்

கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த ஆரணி, பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். அவ்வூர்த் தறிகளில் ஏறும் கச்சாப் பட்டு பெரும்பாலும் கருநாடகத்திலிருந்து வருகிறது. சரிகை சூரத்திலிருந்து வருகிறது. பாவும் ஊடையும் வெளியூர்ச் சரக்காயினும், தறியிலிருந்து இறங்கும் சேலையை எவரும் கருநாடகச் சேலை என்றோ சூரத்துச் சேலை என்றோ சொல்வதில்லை. அது ஆரணிப் பட்டுதான். நெய்தவர் கை எந்த ஊரின் கையோ, துணியும் அந்த ஊரின் பெயரைப் பெறுகிறது.

தமிழில் நூல் என்னும் சொல் இழையையும் குறிக்கும், ஏட்டையும் குறிக்கும். பஞ்சிலிருந்து இழை நூற்பதையும் சொல்லிலிருந்து நூல் இயற்றுவதையும் ஒப்பிட்டுக் காட்டியவர் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர். ஓர் எழுத்தாளர் பிறருடைய நூல்களிலிருந்து எடுத்துக்கொள்வது எது, அவரே நெய்வது எது என்னும் கேள்வி, அந்த ஒப்புமைக்குள்ளேயே மறைந்து கிடக்கிறது. இருபதாம் நூற்றாண்டுத் தமிழ் உரைநடையில் இக்கேள்விக்கு மிகுதியாக ஆளானவர், நகைச்சுவையால் தமிழகத்தைச் சிரிக்கவைத்து, வரலாற்றுப் புதினங்களால் தமிழகத்தை விழித்திருக்கச் செய்த கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி.

கல்கிக்கு ஒரு தலைமுறை முன்னதாக, ஆரணியின் பெயரையே தம் பெயரோடு சேர்த்துத் தமிழ்நாடெங்கும் கொண்டுசென்ற எழுத்தாளர் ஒருவர் இருந்தார். அவர் ஆரணி குப்புசாமி முதலியார் (1866-1925). 1915இல் தோன்றிய ஆனந்தபோதினி இதழின் ஆசிரியராகப் பணியாற்றிய அவர், ஆங்கிலத்தில் வெளிவந்த மர்மக் கதைகளையும் துப்பறியும் கதைகளையும் தமிழுக்கு ஏற்ப மாற்றி, ஒன்றன்பின் ஒன்றாக எழுதிக் குவித்தார். இலண்டனில் ஒரு பென்னி விலைக்கு வாரந்தோறும் விற்கப்பட்ட ரெயினால்ட்ஸின் கதைகள், அவருடைய கையில் இரத்தினபுரிகளாகவும் தமிழ்ப் பெயர் தாங்கிய நாயக நாயகியராகவும் உருமாறின. பிரெஞ்சு எழுத்தாளர் கஸ்தோன் லெரூ எழுதிய புகழ்பெற்ற மர்மக் கதை, 'மஞ்சளறையின் மர்மம்' ஆயிற்று. இவற்றைப் பண்டிதர்கள் மதிக்கவில்லை. ஆயினும், அடுத்த பாகம் எப்போது வரும் என்று காத்திருக்கும் பழக்கத்தைத் தமிழ் வாசகரிடையே உண்டாக்கியவர்களுள் அவர் முதல் வரிசையில் வைக்கத் தக்கவர். வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஜே.ஆர். ரங்கராஜுவும் அதே வழியில் நடந்தனர். பின்னாளில் கல்கியின் தொடர்கதைக்காக வாரந்தோறும் அஞ்சல்காரரை எதிர்பார்த்து நின்ற வாசகர் கூட்டம் வானத்திலிருந்து குதித்ததன்று. அதனைப் பழக்கி வைத்த பெருமையில் ஆரணிக்கும் ஒரு பங்கு உண்டு.

கல்கி 9-9-1899 அன்று, அந்நாளைய தஞ்சை மாவட்டத்தில் மணல்மேட்டை அடுத்த புத்தமங்கலத்தில் பிறந்தார். தந்தையார் ராமசாமி ஐயர் ஊர்க் கணக்கர், தாயார் தையல்நாயகி. வசதி குறைந்த குடும்பம். கிராமத்துத் திண்ணையில் தொடங்கிய கல்வி மாயவரத்திலும் பின்னர்த் திருச்சியிலும் தொடர்ந்தது.

அவர் பிறந்து வளர்ந்த மண், நகைச்சுவைக்கும் கதைக்கும் பஞ்சமில்லாத மண். தமிழின் முதல் புதினமாகிய 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை 1879இல் வெளியிட்ட வேதநாயகம் பிள்ளை, மாயவரத்தில் முன்சீபாக இருந்தவர். ஊரின் பெயரே அவர் பெயருக்கு முன்னொட்டாக நின்றுவிட்டது. நீதி சொல்லும் நோக்கத்தோடு எழுதப்பட்ட அப்புதினத்தில் பக்கத்துக்குப் பக்கம் வேடிக்கைக் கதைகள் குறுக்கிடும். கதை நகர்வதற்காக வேடிக்கையா, வேடிக்கை சொல்வதற்காகக் கதையா என்று ஐயுறும் அளவுக்கு அவை மிகுதி. நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியாரும் அவ்வட்டாரத்தில் வாழ்ந்தவரே. கோயில் திருவிழாக்களிலும் வீட்டுத் திண்ணைகளிலும் கதாகாலட்சேபம் நடந்த காலம் அது. பாகவதர் புராணக் கதையைச் சொல்லிக்கொண்டே வருவார். அழுகை உச்சத்தை எட்டும் நேரத்தில் ஒரு கிளைக்கதையைச் சொல்லிச் சபையைச் சிரிக்கவைப்பார். பிறகு, விட்ட இடத்தில் கதையைப் பிடிப்பார். கல்கியின் புதினங்களைப் படித்தவர்கள், இந்த உத்தி அவருக்கு எங்கிருந்து வந்தது என்று மேல்நாட்டில் தேடவேண்டியதில்லை. வாசகரை நேரே விளித்துப் பேசுவதும், முந்தைய அத்தியாயத்தில் ஒரு பாத்திரத்தை எங்கே விட்டுவந்தோம் என்று நினைவூட்டி அழைத்துச் செல்வதும், காவிரிக் கரைக் கதை சொல்லிகளிடமிருந்து எழுத்துக்கு வந்தவை.

1921ஆம் ஆண்டு கல்கியின் வாழ்வில் ஒரு முறிவு. காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் மாணவர்களைப் பள்ளிகளை விட்டு வெளியேற அழைத்தது. பள்ளி இறுதித் தேர்வு கைக்கெட்டும் தொலைவில் இருந்தபோது அவர் படிப்பைத் துறந்தார். ஏழைக் குடும்பத்து இளைஞர் ஒருவருக்கு அந்தத் தேர்வு, அரசு வேலைக்கும் குடும்ப வாழ்வுக்குமான ஒரே வாயில். அதனை அடைத்துவிட்டு அவர் வெளியேறினார். 1922இல் ஓராண்டுச் சிறைத் தண்டனையும் பெற்றார். பட்டம் எதுவும் பெறாத அவர், இதன்பின் கற்றதெல்லாம் பள்ளிக்கு வெளியே, தாமே தேடிக் கற்றவை. யார் எதைப் படிக்கச் சொன்னார்கள் என்ற வரையறை இல்லாமல் கற்றதனால், கம்பனும் டூமாவும், கல்வெட்டும் கீர்த்தனையும் அவருடைய மனத்தில் அருகருகே அமர்ந்தன. பல்கலைக்கழகம் அவற்றைத் தனித்தனி அறைகளில் வைத்திருக்கும்.

1923இல் அவர் 'நவசக்தி' இதழின் துணையாசிரியரானார். அதன் ஆசிரியர் திரு.வி. கலியாணசுந்தரனார். மேடைத் தமிழையும் இதழ்த் தமிழையும் உயர்த்தியவர் திரு.வி.க. அவருடைய நடை ஓசையும் அடுக்கும் கொண்டது. சிறு சிறு வாக்கியங்களில் எழுச்சியோடு செல்வது. அவரிடம் ஏறத்தாழ ஐந்தாண்டுகள் பணியாற்றிய கல்கி, அவருடைய நடையைக் கைக்கொள்ளவில்லை. வியப்புக்குரியது இதுவே. ஆசானின் பற்றை எடுத்துக்கொண்டு ஆசானின் ஓசையை விட்டுவிட்டார். தம் குருவிடம் தமிழில் அரசியலையும் கலையையும் எதனையும் எழுதமுடியும் என்ற துணிவைக் கற்ற அவர், எழுதும்போது பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதுபோல் எழுதினார். கல்யாணசுந்தரனார் பெயரின் முதலெழுத்தையும் தம் பெயரின் முதலெழுத்தையும் இணைத்தே கல்கி என்று புனைபெயர் பூண்டார் என்று சொல்வாரும் உளர்.

அக்காலத்தில் அவர் செய்த ஒரு பணி, அவருடைய நடையைச் செதுக்கியதில் மற்ற எந்த நூலையும்விட முதன்மையானது. காந்தியடிகள் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதிவந்தபோது, அதனைத் தமிழாக்கி நவசக்தியில் வெளியிடும் பொறுப்பு கல்கியிடம் வந்தது. சத்திய சோதனை என்று தமிழுலகம் அறிந்த நூல் அது. காந்தியடிகளின் உரைநடையில் அணிகலன் இல்லை. செய்த தவற்றையும் கண்ட தோல்வியையும், பிறரைப் பற்றிச் சொல்வதுபோல் அமைதியாகச் சொல்லிச் செல்லும் நடை அது. அதனைத் தமிழில் பெயர்ப்பவர் ஒரு சொல்லை மிகையாகச் சேர்த்தாலும் பொய்யாகிவிடும். வாரந்தோறும் அந்தக் கட்டுப்பாட்டில் பழகிய கை, பின்னர் நகைச்சுவைக்குத் திரும்பியபோதும் தேவையற்ற சொல்லைத் தவிர்த்தது. தன்னைத்தானே எள்ளிச் சிரிப்பது கல்கியின் கட்டுரைகளில் அடிக்கடி காணப்படும் இயல்பு. தம் குறைகளை ஒளிக்காமல் எழுதிய ஒரு நூலோடு நாள்தோறும் உறவாடியவருக்கு அது எளிதாகக் கைவந்ததில் வியப்பில்லை.

1927இல் 'சாரதையின் தந்திரம்' என்னும் சிறுகதைத் தொகுதி வெளிவந்தது. மறு ஆண்டு, எஸ்.எஸ். வாசன் வாங்கி நடத்தத் தொடங்கியிருந்த 'ஆனந்த விகடன்' இதழில் 'ஏட்டிக்குப் போட்டி' என்னும் கட்டுரை கல்கி என்ற பெயரில் வெளிவந்தது. எவர் எதைச் சொன்னாலும் அதற்கு மறுப்புரைக்கும் ஒருவரின் குரலில் எழுதப்பட்ட அக்கட்டுரை, வாசகர்களைக் குலுங்கச் சிரிக்கவைத்தது. தமிழில் அதற்கு முன் நகைச்சுவை இல்லாமல் இல்லை. காளமேகத்தின் சிலேடை இருந்தது. வீரமாமுனிவரின் பரமார்த்த குரு இருந்தார். பாரதியாரின் 'சின்னச் சங்கரன் கதை' இருந்தது. ஆனால், ஒரு செய்தியை எடுத்துக்கொண்டு, நண்பர்களோடு அரட்டையடிப்பது போல் சுற்றிச் சுற்றி வந்து, சிரிப்பின் நடுவே ஒரு குத்தும் வைக்கும் கட்டுரை வடிவம் தமிழுக்குப் புதிது. அந்த வடிவம் ஆங்கிலத்தில் அடிசன், ஸ்டீல் காலந்தொட்டு வளர்ந்தது. கல்கி வடிவத்தை அங்கிருந்து பெற்றார். உள்ளே வைத்த சரக்கு மயிலாப்பூர் மாடவீதியிலும் மாயவரம் ரயில் நிலையத்திலும் கிடைத்தது. கலியாண வீட்டுக் கூச்சல், சங்கீத சபையின் அரட்டை, தேர்தல் மேடையின் வீராப்பு, இந்திய ஆங்கிலேயராகத் திரிந்த கனவான்களின் உடை ஆகியவை அவருடைய பாடுபொருள்கள். ஆங்கில நகைச்சுவை நூல் ஒன்றைப் பிரித்துவைத்துக்கொண்டு எவரும் இவற்றை எழுதிவிட முடியாது.

இடையில் சில ஆண்டுகள் அவர் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்துக் காந்தி ஆசிரமத்தில் இராஜாஜியோடு வாழ்ந்தார். அங்கிருந்து மதுவிலக்குப் பரப்புரைக்காக வெளிவந்த 'விமோசனம்' இதழை நடத்த உதவினார். கள்ளுக்கடையில் கூலியைத் தொலைத்துவிட்டுத் திரும்பும் உழவரும் கைத்தறி நெசவாளருமே அவ்விதழ் சென்றுசேர வேண்டிய மக்கள். எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் புரியவேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு ஒருவர் படித்துக்காட்டினாலும் விளங்கவேண்டும். மதுவின் கேட்டைச் சொல்லும் கதை எளிதில் உபதேசமாகிவிடும். உபதேசம் கேட்பவர் எழுந்து போய்விடுவார். சிரிக்கவைத்து உட்கார்த்தி வைக்கும் கலையை அங்கே அவர் நன்கு பயின்றார். இராஜாஜியின் அளந்து பேசும் சொற்சிக்கனமும் அவரிடம் படிந்தது.

பின்னர் ஆனந்த விகடனின் ஆசிரியப் பொறுப்பேற்று ஏறத்தாழப் பத்தாண்டுகள் பணியாற்றினார். கர்நாடகம் என்னும் புனைபெயரில் இசையையும் நாட்டியத்தையும் திரைப்படத்தையும் விமரிசித்தார். அகஸ்தியன், லாங்கூலன், தமிழ்த்தேனீ முதலிய பெயர்களிலும் எழுதினார். 'கள்வனின் காதலி', 'தியாகபூமி' ஆகிய புதினங்கள் இக்காலத்தில் தொடராக வந்தன.

இலக்கியத் தாக்கம் என்பது எப்போதும் உடன்பாட்டில் தொடங்குவதில்லை என்பதற்குக் கல்கிக்கும் பாரதியாருக்கும் இடையிலான உறவு நல்ல சான்று. 1935, 1936ஆம் ஆண்டுகளில் பாரதியார் மகாகவியா என்னும் பூசல் தமிழ் இதழ்களில் மூண்டது. பாரதியாரோடு நெருங்கிப் பழகிய வ.ரா. உலக மகாகவிகளின் வரிசையில் அவரை வைத்தார். கல்கியோ, பாரதியார் சிறந்த தேசிய கவி என்பதை ஒப்புக்கொண்டு, உலக மகாகவி என்னும் பட்டத்தை மறுத்தார். கு.ப. ராஜகோபாலனும் சிட்டி எனப்பட்ட பெ.கோ. சுந்தரராஜனும் பாரதியாரின் பெருமையை நிலைநாட்டி எழுதிய கட்டுரைகள், 1937இல் 'கண்ணன் என் கவி' என்னும் நூலாயின. ஏட்டிக்குப் போட்டி எழுதிய கை, இங்கே உண்மையாகவே ஏட்டிக்குப் போட்டியில் இறங்கிவிட்டது என்றே தோன்றுகிறது. பிற்கால விமரிசகர்கள் அனைவரும் ஏறத்தாழ வ.ரா. பக்கமே நின்றனர். ஆனால், கதை அங்கே முடியவில்லை. எட்டயபுரத்தில் பாரதியாருக்கு மணிமண்டபம் எழுப்பவேண்டும் என்று தம் இதழ் வழியே வேண்டுகோள் விடுத்து, பொதுமக்களிடம் நிதி திரட்டி, அப்பணியை முன்னின்று நடத்தியவரும் அதே கல்கிதான். 1945இல் அடிக்கல் நாட்டப்பட்ட மண்டபத்தை, நாடு விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டிலேயே இராஜாஜி திறந்துவைத்தார். பட்டத்தைப் பற்றி வாதிட்டவர் கட்டடத்துக்குக் கல் சுமந்தார்.

கம்பனை அவருக்கு அணுக்கமாக்கியவர் இரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார். குற்றாலத்தில் டி.கே.சி.யைச் சூழ்ந்து அமர்ந்த நண்பர் குழுவில் கல்கியும் ஒருவர். ஒரு பாட்டைப் பத்து முறை பாடிக் கேட்டு, அதன் உணர்ச்சியைச் சுவைத்துவிட்டுத்தான் பொருளுக்கு வருவது டி.கே.சி.யின் முறை. அருஞ்சொற்பொருள் அறிந்தபின் பாட்டைச் சுவைக்கலாம் என்று பழகியவர்களுக்கு அது தலைகீழ்ப் பாடமாகத் தோன்றியது. புலமைக்கு அஞ்சாமல் பழைய இலக்கியத்தின் அருகில் செல்லலாம் என்ற உரிமையைக் கல்கிக்கு அந்த நட்பு அளித்தது. மாமல்லபுரத்துக் கடற்கரையில் டி.கே.சி.யோடு அமர்ந்திருந்த ஒரு பொழுதில்தான் 'சிவகாமியின் சபத'த்தின் கனவு முளைத்தது என்பதும் இலக்கிய அன்பர்கள் அறிந்த செய்தி.

1941இல் தனிநபர் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டுச் சிறை சென்ற கல்கி, விகடனை விட்டு விலகி, நண்பர் டி. சதாசிவத்துடன் சேர்ந்து 'கல்கி' இதழைத் தொடங்கினார். 'பார்த்திபன் கனவு', 'சிவகாமியின் சபதம்', 'பொன்னியின் செல்வன்' என்னும் மூன்று வரலாற்றுப் புதினங்களும் அவ்விதழில் வெளிவந்தவை. தழுவலா, படைப்பா என்னும் கேள்வி கூர்மை பெறுவதும் இங்கேதான்.

புதுமைப்பித்தன் இக்கேள்வியை ஒளிவுமறைவின்றி எழுப்பியவர். பிறமொழிக் கதையை உள்ளபடியே மொழிபெயர்ப்பதுதான் நேர்மை, பெயரை மாற்றித் தழுவுவது ஆகாது என்பது அவருடைய நிலைப்பாடு. கல்கியின் கதைகளில் பிறருடைய சாயல் இருப்பதாக அவர் கடுமையாகத் தாக்கினார். பேராற்றல் வாய்ந்த ஒரு படைப்பாளி தொடுத்த குற்றச்சாட்டு என்பதால், அதனைப் பொறாமை என்று தள்ளிவிடுதல் முறையாகாது. ஒரு மொழி தன் காலில் நிற்கத் தொடங்கும் நேரத்தில், எது கடன், எது உழைப்பு என்று கணக்குக் கேட்கத்தான் வேண்டும்.

அந்தக் கணக்கை ஒரு சான்றால் பார்க்கலாம். பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாந்தர் டூமாவின் 'மூன்று வீரர்கள்' கதை, தார்த்தஞன் என்னும் இளைஞன் குதிரையேறி ஊர் விட்டுப் புறப்படுவதில் தொடங்குகிறது. அவனிடம் பெருந்தலைவர் ஒருவருக்குக் கொடுக்கவேண்டிய கடிதம் இருக்கிறது. வழியிலேயே வம்பில் மாட்டிக்கொள்கிறான். 'பொன்னியின் செல்வ'னில் வந்தியத்தேவனும் குதிரையேறி வருகிறான். அவனிடமும் ஓலை இருக்கிறது. அவனும் போகுமிடமெல்லாம் வம்பை விலைகொடுத்து வாங்குகிறான். டூமாவின் வேறொரு கதையில் பிரெஞ்சு மன்னனுக்கு அச்சாக ஒத்த இரட்டைச் சகோதரன் ஒருவன் உண்டு. 'சிவகாமியின் சபத'த்தில் புலிகேசிக்கு நாகநந்தி உண்டு. இவ்வொற்றுமைகளைக் கண்டு பிடிப்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. ஸ்காட்டும் டூமாவும் கல்கி விரும்பிக் கற்ற நூலாசிரியர்கள். பாவு நூல் அங்கிருந்து வந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

ஊடை எங்கிருந்து வந்தது? வந்தியத்தேவன் கல்கியின் கற்பனையில் மட்டும் பிறந்தவனல்லன். குந்தவையின் கணவன் வல்லவரையர் வந்தியத்தேவர் என்று தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு சொல்கிறது. ஒரு வரியில் கிடந்த அப்பெயருக்கு உடலும் குறும்பும் பசியும் கொடுத்தவர் கல்கி. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களைப் பற்றிய செய்தி உடையார்குடிக் கல்வெட்டில் கிடைக்கிறது. கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியாரின் சோழர் வரலாறும், தி.வை. சதாசிவப் பண்டாரத்தாரின் பிற்காலச் சோழர் வரலாறும் அவருக்குத் துணை நின்றன. ஓவியர் மணியத்தை உடன் அழைத்துக்கொண்டு இலங்கைக்கும் சோழநாட்டு ஊர்களுக்கும் சென்று, இடங்களைக் கண்ணால் கண்டு எழுதினார். தார்த்தஞன் வந்து இறங்குவது ஒரு பிரெஞ்சுச் சத்திரத்தில். வந்தியத்தேவன் வந்து நிற்பதோ, ஆடிப்பெருக்கு நாளில் வெள்ளம் ததும்பும் வீரநாராயண ஏரிக்கரையில். அங்கே சித்திரான்னத்தோடு கூடியிருக்கும் குடும்பங்களையும் கரையோரத்து ஆரவாரத்தையும் எந்த மேல்நாட்டு நூலிலிருந்தும் இரவல் பெறமுடியாது.

அடுத்த சில பக்கங்களிலேயே ஆழ்வார்க்கடியான் வந்துவிடுகிறான். முன்குடுமியும் கைத்தடியுமாக, சைவரோடும் அத்வைதியோடும் தெருவில் நின்று சண்டையிடும் அந்த வைணவன், வரலாற்றில் இல்லாதவன். முழுக்க முழுக்கக் கல்கியின் படைப்பு. அவன் சண்டையில் சமயத் தத்துவமும் உண்டு, தலையில் விழப்போகும் அடியும் உண்டு. படிப்பவர் இரண்டுக்கும் சிரிக்கிறார். இத்தகைய பாத்திரத்துக்கு மூதாதையரைத் தேடினால், டூமாவின் வீரர்களைவிட ஒரு பல்லவ மன்னன் அருகில் நிற்கிறான். காஞ்சியில் ஆண்ட மகேந்திரவர்மன் எழுதிய 'மத்தவிலாசப் பிரகசனம்', கள்ளுண்ட காபாலிகன் ஒருவன் தன் கபாலத்தைத் தொலைத்துவிட்டு, அதனைப் பௌத்த பிக்கு திருடினார் என்று வழக்காடும் வேடிக்கை நாடகம். உண்மையில் அதனைக் கவ்விச் சென்றது ஒரு நாய். ஏழாம் நூற்றாண்டைச் சார்ந்த இந்நாடகம், மறைந்து கிடந்து 1917இல் திருவனந்தபுரத்தில் அச்சேறியது. அரசனே எழுதிய நாடகத்தில் சமயப் பெரியோர் தெருவில் நின்று சண்டையிடுகின்றனர். 'சிவகாமியின் சபத'த்தில் கலையும் தந்திரமும் குறும்பும் கலந்தவனாக மகேந்திரவர்மனைக் கல்கி படைத்திருப்பதைப் படிப்பவர், தம்மைப்போன்ற ஒரு நகைச்சுவையாளரைப் பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு அப்பால் அவர் அடையாளம் கண்டுகொண்டார் என்றே கருதுவர்.

ஆரணி வட்டாரத்து வாசகருக்குப் 'பொன்னியின் செல்வன்' மற்றொரு வகையிலும் அணுக்கமானது. கடம்பூர் மாளிகையில் சதிக்கூட்டம் கூட்டும் சம்புவரையரின் குடிப்பெயர், வரலாற்றில் தொண்டை மண்டலத்தோடு இணைந்தது. பிற்காலத்தில் சம்புவராயர்கள் தலைநகராகக் கொண்டு ஆண்ட படைவீடு, ஆரணிக்கு மேற்கே மலையடிவாரத்தில் இன்றும் கோயில்களோடு நிற்கிறது. புதினத்துக் கடம்பூரும் வரலாற்றுப் படைவீடும் ஒன்றல்ல, காலமும் வேறு. ஆயினும், புதினத்தைப் படித்த ஒருவர் படைவீட்டு வழியே போகும்போது வேகத்தைக் குறைத்துத் திரும்பிப் பார்ப்பார். அப்பார்வையைத் தமிழர்க்குக் கொடுத்தது கல்கியின் பெரும்பணி.

ஆரணி குப்புசாமி முதலியார் பிறமொழிக் கதையின் ஆடையை மாற்றினார். உடல் அப்படியே இருந்தது. கல்கியிடம் எலும்பின் அமைப்பு ஓரளவு ஒத்திருக்கலாம். குருதி இந்த மண்ணுடையது. இருவரையும் ஒரே தராசில் நிறுத்திக் குறை சொல்வது பொருந்தாது. முன்னவர் காலத்தில் வாசகரை உருவாக்குவதே பெரும்பாடு. உருவான வாசகருக்கு அவர்களுடைய சொந்த வரலாற்றைக் கொடுக்கும் வாய்ப்பு பின்னவருக்குக் கிடைத்தது.

கல்கியின் படைப்புகளுள் இரவல் நூலின் இழையைக் காண்பது மிக அரிதானது 'அலை ஓசை'. 1934ஆம் ஆண்டுப் பீகார் நிலநடுக்கத்தில் தொடங்கி, நாட்டுப் பிரிவினையையும் காந்தியடிகளின் மறைவையும் தொட்டுச் செல்லும் அப்புதினம், அவர் கண்முன் நிகழ்ந்த வரலாறு. சிரிக்கவைத்தே பழகிய எழுத்தாளர், சிரிக்க இடமில்லாத காலத்தை எழுதினார். அதற்கான சாகித்திய அகாதெமி விருது, அவர் மறைந்தபின் 1956இல் வழங்கப்பட்டது. மூன்று வரலாற்றுப் புதினங்களைக் கொண்டாடும் வாசகர் பலர் 'அலை ஓசை'யைத் திறந்ததே இல்லை என்பது வருந்தத்தக்கது.

'பொன்னியின் செல்வன்' 1950இல் தொடங்கி, மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் வாரந்தோறும் வெளிவந்து, 1954இல் நிறைவெய்தியது. அதே ஆண்டு பிப்ரவரியில் டி.கே.சி. மறைந்தார். உடல்நலம் குன்றியிருந்த கல்கி, அதன் பிறகும் 'அமரதாரா' என்னும் புதிய தொடர்கதையைத் தொடங்கி எழுதிவந்தார். 5-12-1954 அன்று அவர் காலமானார். கதை நடுவில் நின்றது. அதன் எஞ்சிய பகுதியை அவருடைய மகள் ஆனந்தி எழுதி முடித்தார்.